அமைதி நாட்டின் ஆயுதக் கடை: போஃபர்ஸ் கதையின் ஸ்வீடன் பாதி

போஃபர்ஸ்னு சொன்னா நம்ம ஊர்ல என்ன ஞாபகம் வரும்? பீரங்கி, கமிஷன், 64 கோடி, ராஜீவ் காந்தி, 1989 தேர்தல். நான் பிறந்ததே இதெல்லாம் நடந்து பல வருஷம் கழித்துத்தான். ஆனாலும் "போஃபர்ஸ்" என்பது ஒரு கம்பெனியின் பெயர் என்று தெரிவதற்கு முன்னாடியே, அது ஊழலுக்கு இன்னொரு பெயர் என்று எனக்குத் தெரியும். என் வயசுக்காரங்க பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நாம் இந்தக் கதையை எப்போதும் வாங்கியவன் பக்கத்திலிருந்துதான் கேட்டிருக்கிறோம். யார் பணம் வாங்கினார், எந்தக் கணக்கில் போட்டார், யார் தப்பித்தார். இந்த எபிசோடில் விற்றவன் பக்கம் போகப்போகிறோம். ஏன்னா ஸ்வீடனில் இது வேறு ஒரு கேள்வியாகத்தான் ஆரம்பித்தது. "அமைதியை விரும்பும் நாடு என்று சொல்லிக்கொள்கிற நாம், யார் யாருக்கு ஆயுதம் விற்கிறோம், அது நமக்கே தெரியுமா?" இதுதான் அந்தக் கேள்வி. அதைக் கிளப்பியது நாடாளுமன்றமோ எதிர்க்கட்சியோ இல்லை, அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு இன்ஜினியர்.

முதலில் ஒரு அடிப்படைச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்வீடன் 1814-க்குப் பிறகு எந்தப் போரிலும் இறங்காத நாடு. இரண்டு உலகப் போர்களிலும் ஒதுங்கி நின்றது. அப்படிப்பட்ட நாட்டுக்கு எதுக்குப் பீரங்கி, ஏவுகணை, போர் விமானம், நீர்மூழ்கிக் கப்பல் என்று சகலமும் செய்யத் தெரிந்திருக்கிறது?

பதில் கொஞ்சம் விசித்திரமானது. ஒதுங்கி நிற்பதற்காகத்தான். நேட்டோவிலும் சேரமாட்டேன், சோவியத் பக்கமும் போகமாட்டேன் என்றால், நாளைக்குப் போர் வந்தால் உனக்கு யார் ஆயுதம் தருவார்கள்? யாரும் தரமாட்டார்கள். தந்தாலும் நிபந்தனை போடுவார்கள். அதனால் எல்லாத்தையும் நீயே செய்துகொள்ளணும். ஆனால் 1980-களில் ஸ்வீடனின் மக்கள்தொகை 80 லட்சம் சொச்சம். இன்றைய சென்னைப் பெருநகரத்தைவிடக் குறைவு. அந்த ராணுவத்துக்கு எத்தனை பீரங்கி வேண்டியிருக்கும்?

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு சட்டுனு புரியும். ஒரு பொருளை உருவாக்கும் செலவு மொத்தமும் முதல் பிரதியிலேயே விழுந்துவிடும். அதைப் பத்துப் பேருக்கு மட்டும் விற்றால் ஒவ்வொருவர் தலையிலும் பெரிய பாரம். ஆயிரம் பேருக்கு விற்றால் தாங்கும். ஆயுதத்துக்கும் அதே கணக்குதான். வெளிநாட்டுக்கு விற்றால்தான் உள்நாட்டு ராணுவத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில் பீரங்கி கிடைக்கும். ஆக, நடுநிலையாக இருக்க ஆயுதத் தொழில் வேணும். ஆயுதத் தொழில் பிழைக்க ஏற்றுமதி வேணும். ஏற்றுமதி செய்தால் எங்கேயோ நடக்கிற சண்டையில் நம்ம சாமான் போய் நிற்கும். இந்த முடிச்சை ஸ்வீடன் கடைசிவரை அவிழ்க்கவே இல்லை.

போஃபர்ஸ் இருக்கிற ஊரின் பெயர் கார்ல்ஸ்கூகா. நடு ஸ்வீடனில் ஒரு சின்ன ஊர். 1894-இல் இந்தக் கம்பெனியை வாங்கியவர் ஆல்ஃபிரெட் நோபல். ஆமா, அதே நோபல்தான். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு தகவல் இருக்கிறது. நோபல் இறந்த பிறகு அவருடைய உயில் பற்றி ஒரு வழக்குச் சிக்கல் வந்தது. பாரிஸில் வீடு, இத்தாலியில் வீடு, ஸ்வீடனில் வீடு என்று வாழ்ந்த மனிதர். எந்த நாட்டுச் சட்டம் அவருக்குப் பொருந்தும்? போஃபர்ஸ் தொழிற்சாலைக்காக அவர் கார்ல்ஸ்கூகாவில் வைத்திருந்த வீடுதான் அவரது சட்டப்படியான இருப்பிடம் என்று முடிவானது. உயில் கார்ல்ஸ்கூகா நீதிமன்றத்தில் செல்லுபடியானது. அமைதிக்கான நோபல் பரிசுக்குச் சட்ட முகவரி கொடுத்ததே ஒரு பீரங்கித் தொழிற்சாலைதான்!

இரண்டாம் உலகப் போரில் போஃபர்ஸின் 40 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புத் துப்பாக்கி உலகம் முழுக்கப் போனது. பிரிட்டனும் அமெரிக்காவும் லைசென்ஸ் வாங்கிச் செய்தன. ஜெர்மனி கையிலும் அதே துப்பாக்கி இருந்தது. செய்த நாடு மட்டும் போரில் இல்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். ஸ்வீடன் சட்டத்தின் அமைப்பு இப்படி: ஆயுத ஏற்றுமதிக்குத் தடை. அரசு தனியாக அனுமதி கொடுத்தால் மட்டும் விதிவிலக்கு. நம்ம பாஷையில் சொன்னா, ஃபயர்வாலில் முதல் வரியிலேயே எல்லாத்தையும் மறுத்துட்டு, அப்புறம் ஒவ்வொண்ணா அனுமதிக்கிற மாதிரி. கேட்க ரொம்ப நல்லா இருக்கு. 1971-இல் நாடாளுமன்றம் வழிகாட்டு நெறிகளையும் ஏற்றுக்கொண்டது. போரில் இருக்கும் நாட்டுக்கு விற்கக் கூடாது. போராக மாறக்கூடிய சர்வதேசத் தகராறில் இருக்கும் நாட்டுக்குக் கூடாது. உள்நாட்டில் ஆயுதக் கலவரம் நடக்கும் நாட்டுக்குக் கூடாது. சொந்த மக்களை ஒடுக்க அந்த ஆயுதத்தைப் பயன்படுத்தக்கூடிய நாட்டுக்கும் கூடாது.

இதை நேர்மையாகப் படித்தால் யாருக்கு விற்கலாம்? நார்வே, டென்மார்க், பின்லாந்து, சுவிட்சர்லாந்து. ஆயுதம் தேவைப்படாத நாட்டுக்கு விற்கலாம், தேவைப்படுகிற நாட்டுக்கு விற்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் எழுதிய விதிதான், நான் கிண்டல் பண்ணலை. ஆனால் இந்த விதியை அப்படியே கடைப்பிடித்தால் கார்ல்ஸ்கூகா தொழிற்சாலையைப் பூட்ட வேண்டியதுதான். பூட்ட யாருக்கும் மனசில்லை. அதனால் விதி அப்படியே இருந்தது, விதிவிலக்குகள் பெருகின. ஃபயர்வால் உதாரணம் சொன்னேன் இல்லையா, வருஷக்கணக்கா ஆளாளுக்கு ஒரு விதிவிலக்கு சேர்த்த ஃபயர்வாலைப் பார்த்தவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும். பேருக்குத்தான் தடை.

இங்கேதான் ஒரு காகிதம் முக்கியமாகிறது. இறுதிப் பயனாளர் சான்றிதழ் என்று அதற்குப் பெயர். "இந்த ஆயுதம் எங்கள் ராணுவத்துக்கு மட்டும்தான், வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டோம்" என்று வாங்கும் நாடு எழுதிக் கொடுக்கிற உறுதி. விற்கும் நாட்டின் மனசாட்சி மொத்தமும் இந்த ஒரு காகிதத்தில்தான் தொங்குகிறது. கப்பல் கிளம்பின பிறகு அந்தச் சாமான் எங்கே போச்சுன்னு பார்க்க அந்தக் காலத்தில் யாரும் போனதில்லை. காகிதம் ஃபைலில் இருந்தால் போதும்.

இப்போ நம்ம கதாநாயகர். இங்வார் பிராட், போஃபர்ஸில் இன்ஜினியர்.

போஃபர்ஸ் 1970-களில் ஆர்.பி.எஸ். 70 என்ற ஏவுகணையைச் செய்தது. தாழப் பறக்கும் விமானத்தைச் சுடுவதற்கு. மூன்று கால் ஸ்டாண்டில் வைத்து, ஒரு ஆள் உட்கார்ந்து லேசர் கதிரைக் குறி வைத்தால் ஏவுகணை அந்தக் கதிரைப் பிடித்துக்கொண்டே போகும். அந்தக் காலத்துக்கு அருமையான தொழில்நுட்பம். வளைகுடாவில் துபாயும் பஹ்ரைனும் இதைக் கேட்டன. ஸ்வீடன் அரசின் விதிப்படி அங்கே விற்க முடியாது. ஆனால் சிங்கப்பூருக்கு விற்கலாம். அதனால் காகிதத்தில் சிங்கப்பூர் என்று எழுதி, சிங்கப்பூர் தரப்பிலிருந்து சான்றிதழும் வாங்கி, ஏவுகணைகள் துபாய்க்கும் பஹ்ரைனுக்கும் போய்ச் சேர்ந்தன.

கம்பெனிக்குள் இருந்த பிராட்டுக்கு இது தெரிய வந்தது. அவர் ஆவணங்களோடு ஸ்வீடன் அமைதிச் சங்கத்திடம் போனார். 1883-இல் தொடங்கிய பழைய சங்கம் அது. அங்கே ஹென்ரிக் வெஸ்டாண்டர் என்ற இளைஞர் ஆயுத ஏற்றுமதியைத் தோண்டிக்கொண்டிருந்தார். 1984-இல் சங்கம் போஃபர்ஸ் மீது போலீசில் புகார் கொடுத்தது. தகவல் தந்தவர் பெயரை முதலில் வெளியிடவில்லை. பிறகு பிராட் தானே முன்னால் வந்து, "நான்தான்" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும்னு தோணுது. வேலையில் சேரும் முதல் நாள் நாம எல்லாரும் ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுறோம். பெரும்பாலும் படிக்கிறதே இல்லை. எச்.ஆர். நீட்டுற இடத்துல போட்டுட்டு லேப்டாப் வாங்கப் போயிடுவோம். பிராட் உடைத்தது அப்படிப்பட்ட ஒரு கடமையைத்தான். அதுவும் பெரிய நகரத்தில் முகம் தெரியாமல் வாழ்ந்துகொண்டு இல்லை. கார்ல்ஸ்கூகாவில் போஃபர்ஸ் வெறும் கம்பெனி இல்லை, அதுதான் ஊர். பக்கத்து வீட்டுக்காரர் அங்கே வேலை பார்ப்பார், அவர் அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்திருப்பார். ஏற்றுமதி நின்றால் வேலை போகும். ஊரில் பலருக்கு பிராட் துரோகி. நெய்வேலியோ சிவகாசியோ மாதிரி ஒரே தொழிலை நம்பி இருக்கும் ஊரில், அந்தத் தொழிலுக்கு எதிராகப் பேசுபவன் நிலைமையை நினைத்துப் பாருங்க.

தொழிலாளர் பக்கத்தையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர்களிடம் யாரும், "இந்த ஏவுகணை துபாய்க்குப் போகட்டுமா?" என்று கேட்கவில்லை. ஸ்வீடன் அரசாங்கத்துக்குத் தன் ராணுவத்துக்கு மலிவாக ஆயுதம் வேண்டும், தன் கை சுத்தமாகவும் தெரியணும். அந்த இரண்டு ஆசைக்கும் இடையிலே மாட்டியது ஊர்.

புகாருக்குப் பிறகு விசாரணை மெதுவாக நகர்ந்தது. அதே காலத்தில் இன்னொரு நூலும் அவிழ்ந்தது. ஈரான்-ஈராக் போர் உச்சத்தில் இருந்தபோது, ஐரோப்பிய வெடிமருந்துக் கம்பெனிகள் ஒரு கூட்டணியாகச் சேர்ந்து மூன்றாவது நாடுகள் வழியாக ஈரானுக்கு வெடிமருந்து அனுப்பியதை ஸ்வீடன் சுங்கத்துறை பிடித்தது. அதிலும் போஃபர்ஸ் குழுமத்தின் பெயர் இருந்தது. இதுபோக, பூகமார் என்று ஒரு ஸ்வீடன் படகுக் கம்பெனி. அது ஈரானுக்கு விற்ற அதிவேகப் படகுகள் பட்டியல்படி போர்த்தளவாடமே இல்லை, சாதாரணப் படகு. ஈரானியப் புரட்சிக் காவலர்கள் அதில் துப்பாக்கியை ஏற்றி எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கினார்கள். எது ஆயுதம் என்று யார் முடிவு செய்வது? இந்தக் கேள்விக்குத் தனி எபிசோடே போடலாம்.

இதையெல்லாம் கண்காணிக்க வேண்டிய அரசு அலுவலகம் ஒன்று இருந்தது. போர்த்தளவாட ஆய்வகம். அதன் தலைவர் கார்ல்-ஃபிரெட்ரிக் ஆல்கெர்னோன், கடற்படை அட்மிரலாக இருந்தவர். 1987 ஜனவரி 15 அன்று ஸ்டாக்ஹோம் மத்திய மெட்ரோ நிலையத்தில் ரயிலுக்கு முன்னால் விழுந்து இறந்தார். விபத்தா, தற்கொலையா, யாராவது தள்ளினார்களா என்ற விவாதம் ஸ்வீடனில் இன்றும் ஓயவில்லை. யூடியூபில் இதற்கு ஆயிரம் சதிக் கோட்பாடு கிடைக்கும், நான் அந்தப் பக்கம் போகலை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கடத்தல் நடந்ததில் அரசு அதிகாரிகளுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் விசாரணையின் மையக் கேள்வியாக இருந்தது. அதற்குப் பதில் சொல்லியிருக்கக்கூடிய முக்கியமான ஆள் இல்லாமல் போனார்.

1987 மார்ச்சில் போஃபர்ஸ் தலைவர் மார்ட்டின் ஆர்ட்பூ பதவி விலகினார். அடுத்த மாதம், ஏப்ரல் 16. ஸ்வீடன் வானொலி ஒரு செய்தியைச் சொல்கிறது: இந்தியப் பீரங்கி ஒப்பந்தத்தில் போஃபர்ஸ் லஞ்சம் கொடுத்திருக்கிறது.

ஆக, நமக்குத் தெரிந்த போஃபர்ஸ் கதை ஆரம்பிக்கும்போது, ஸ்வீடனில் அது மூன்றாவது வருஷத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போ கொஞ்சம் பின்னால் போய் அந்த ஒப்பந்தத்தைப் பார்ப்போம். 1984-இல் ஆறு நாடுகள் சேர்ந்து அணு ஆயுதக் குறைப்புக்காக ஒரு முயற்சியைத் தொடங்கின. இந்தியா, ஸ்வீடன், கிரீஸ், மெக்ஸிகோ, அர்ஜென்டினா, தான்சானியா. 1985 ஜனவரியில் டெல்லியில் அவர்களது மாநாடு. ராஜீவ் காந்தி தலைமை. ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே வந்திருந்தார். வியட்நாம் போரில் அமெரிக்காவை வெளிப்படையாகத் திட்டியவர், தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராக நின்றவர், உலக அமைதிக்கு ஒரு முகம் என்றால் அப்போது அவர்தான்.

அதே பால்மே, அதே ஆண்டுகளில், போஃபர்ஸ் பீரங்கிக்காக இந்தியாவிடம் பேசிக்கொண்டிருந்தார். இது இரட்டை வேடமா? அவருக்கு ஆதரவாகப் பேசுபவர்கள், அணுகுண்டு வேறு, பீரங்கி வேறு, அணிசேரா நாடு ஒன்று வல்லரசுகளிடம் கையேந்தாமல் ஆயுதம் வாங்க உதவுவதில் என்ன தப்பு என்பார்கள். அந்த வாதத்தில் பலம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இந்தியா அன்றைக்கு சோவியத்தைப் பெரிதும் நம்பியிருந்தது. ஸ்வீடன் மாதிரி ஒரு நாட்டிடம் வாங்கினால் பின்னால் அரசியல் கயிறு இருக்காது. ஆனால் ஸ்வீடனின் சொந்த விதியை எடுத்து வைத்தால்? "போராக மாறக்கூடிய சர்வதேசத் தகராறு" என்று அந்த விதியில் இருக்கிறதே, இந்தியா-பாகிஸ்தான் உறவு அதில் வராதா? சியாச்சினில் 1984-இலிருந்து இரண்டு ராணுவமும் நேருக்கு நேர். அனுமதி கொடுத்தார்கள். ஸ்வீடன் மக்கள் முன்னால் அந்த அனுமதி ஒரு விவாதமாகவே வைக்கப்படவில்லை.

1986 பிப்ரவரி 28 இரவு பால்மே ஸ்டாக்ஹோம் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவியோடு சினிமா பார்த்துவிட்டு நடந்து வரும்போது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 155 மில்லிமீட்டர் எஃப்.எச். 77 பி பீரங்கிகள், 400 சொச்சம், மதிப்பு 1437 கோடி ரூபாய். ஸ்வீடன் ஏற்றுமதி வரலாற்றிலேயே மிகப் பெரிய ஆர்டர்களில் ஒன்று. கார்ல்ஸ்கூகாவுக்கு அன்றைக்குத் தீபாவளிதான்.

இந்திய ராணுவம் முதலில் பிரான்ஸின் சோஃப்மா பீரங்கியைத்தான் முன்னால் வைத்திருந்தது. 1986 பிப்ரவரியில் வரிசை மாறியது. அப்போதுதான் தளபதியாகப் பொறுப்பேற்றவர் ஜெனரல் சுந்தர்ஜி, செங்கல்பட்டில் பிறந்தவர். சொல்லப்பட்ட காரணம் தொழில்நுட்பக் காரணம்: சுட்ட இடத்தைக் கண்டுபிடிக்கும் அமெரிக்க ரேடார் பாகிஸ்தானுக்குக் கிடைக்கிறது, அதனால் சுட்டவுடன் இடத்தை மாற்றும் பீரங்கி தேவை. போஃபர்ஸில் சொந்தமாகச் சின்ன இன்ஜின் உண்டு, இழுத்துச் செல்ல லாரி வரும்வரை காத்திருக்க வேண்டாம். சில நொடிகளில் மூன்று குண்டு போட்டுவிட்டு நகர்ந்துவிடும். பீரங்கி நல்ல பீரங்கி. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

வானொலிச் செய்திக்குப் பிறகு இரண்டு ஜனநாயக நாடுகளும் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்ப உறுத்துகிறது. இந்திய அரசு மறுத்தது. ஸ்வீடன் தன் தேசியத் தணிக்கை அலுவலகத்தை விசாரிக்கச் சொன்னது. 1987 ஜூனில் அறிக்கை வந்தது: ஆம், பணம் போயிருக்கிறது. யாருக்கு என்ற பகுதி? வங்கி ரகசியம் என்று சொல்லி மறைக்கப்பட்டது. போஃபர்ஸ் அதை லஞ்சம் இல்லை, பழைய ஏஜென்டுகளின் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளக் கொடுத்த பணம் என்றது. இந்தியாவில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு 1988-இல் லஞ்சம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

இரண்டு நாட்டிலும் தேர்தல் உண்டு, பத்திரிகை உண்டு, நாடாளுமன்றம் உண்டு. ஆனால் உண்மை வெளியே வந்தது எப்படி? ஏவுகணைக் கடத்தலை விசாரித்த ஸ்வீடன் போலீசாரின் கையில் ஆர்ட்பூவின் நாட்குறிப்பும் இந்திய ஒப்பந்தத்தின் வங்கிக் காகிதங்களும் சிக்கின. விசாரணைக்குத் தலைமை வகித்தவர் ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம். அவர் 350-க்கும் மேற்பட்ட ஆவணங்களை சித்ரா சுப்பிரமணியம் என்ற இந்தியப் பத்திரிகையாளரிடம் கொடுத்தார். 1988-இல் சென்னையிலிருந்து வெளிவரும் தி ஹிண்டுவில், சித்ராவும் என். ராமும் அவற்றை வெளியிட ஆரம்பித்தார்கள். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் அச்சான ஸ்வீடன் காகிதங்கள்! தான்தான் அந்த ஆள் என்று லிண்ட்ஸ்ட்ரோம் 2012-இல்தான் வெளியே சொன்னார். ராஜீவ் காந்தி பணம் வாங்கியதற்கு ஆதாரம் கிடையாது, ஆனால் மூடி மறைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் சொன்னதன் சாரம். 2004-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் ராஜீவ் மீதான லஞ்சக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டது.

கவனிச்சீங்களா? ஏவுகணை விஷயத்தில் ஒரு இன்ஜினியர், பீரங்கி விஷயத்தில் ஒரு போலீஸ்காரர். இரண்டு பேருமே ரகசியக் கடமையை மீறியவர்கள். விதிப்படி இயங்கிய அமைப்பு எதுவும் தானாக உண்மையைச் சொல்லவில்லை. ஆயுத வியாபாரம் ரகசியமாகத்தான் நடக்கணும், நாட்டுப் பாதுகாப்பு என்று எல்லா அரசும் சொல்லும். போர்த் திட்டம் ரகசியம் என்றால் புரியுது. யாருக்கு விற்றோம், ஏன் விற்றோம் என்பது எதிரிக்குத் தெரியக் கூடாத ரகசியம் இல்லை, வாக்காளனுக்குத் தெரியக் கூடாத ரகசியம். வாங்கியவனுக்குத் தெரியும், விற்றவனுக்குத் தெரியும், நடுவில் உள்ள தரகனுக்குத் தெரியும். தெரியாதது ஓட்டுப் போடுகிறவனுக்கு மட்டும்தான்.

1989-இல் ஸ்டாக்ஹோம் நீதிமன்றம் துபாய், பஹ்ரைன் கடத்தலில் ஆர்ட்பூ உட்பட போஃபர்ஸ் அதிகாரிகளைக் குற்றவாளிகள் என்றது. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. இந்தியாவில் அதே ஆண்டு ஆட்சி மாறியது.

அப்புறம் கார்கில். 1999-இல் தோலோலிங், டைகர் ஹில் உச்சிகளில் உட்கார்ந்திருந்த பாகிஸ்தான் படைகளை இறக்கியதில் இதே போஃபர்ஸ் பீரங்கிகளின் பங்கு ரொம்பப் பெரியது. மலை உச்சியை நோக்கிச் செங்குத்தாகச் சுட முடிந்தது. ஆனால் ஊழல் புயலுக்குப் பிறகு கம்பெனியோடு தொடர்பு அறுந்ததில் உதிரி பாகம் வரவில்லை. சில பீரங்கிகளைக் கழற்றி மற்றவற்றுக்குப் பொருத்தி ஓட்டினார்கள். ஒப்பந்தத்தோடு வந்த தொழில்நுட்ப வரைபடங்கள் பல வருஷம் தூங்கின. அவற்றை எடுத்து ஜபல்பூரில் உருவாக்கிய தனுஷ் பீரங்கி ராணுவத்துக்குக் கிடைத்தது 2019-இல்.

கார்கிலை வைத்து "பார்த்தீங்களா, வாங்கினது சரிதான்" என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. பீரங்கி நல்லா சுட்டது என்பது ராணுவத்தின் தேர்வுக்குச் சான்று. தரகுப் பணத்துக்கு அது ரசீது ஆகாது. ஸ்வீடன் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கொள்கை வெறும் பேச்சு இல்லை என்றால், 1986-இல் அவர்கள் விற்றிருக்கவே கூடாது. நாம் அதனால் பலனடைந்தோம். இரண்டும் உண்மைதான், ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க முடியாது.

சரி, ஸ்வீடன் என்ன கற்றுக்கொண்டது? கொஞ்சம் கற்றுக்கொண்டது. அரசு ஒரு குடிமக்கள் ஆணையத்தை வைத்து ஆயுத ஏற்றுமதியை ஆராயச் சொன்னது, 1988-இல் அதன் அறிக்கை வந்தது. 1990-இல் வணிக ரகசியச் சட்டம் வந்தபோது பிராட் மாதிரி ஆட்களை அது தண்டிக்குமா என்று பெரிய சண்டை. அந்தச் சட்டத்துக்கே "பிராட் சட்டம்" என்று பட்டப்பெயர் விழுந்தது. கடுமையான குற்றத்தை வெளிப்படுத்துவது ரகசிய மீறல் ஆகாது என்ற விலக்கு அதில் இடம்பெற்றது. 1996-இல் கண்காணிப்புக்குத் தனி அமைப்பு. அதோடு ஒரு ஆலோசனைக் குழு, எல்லாக் கட்சிகளின் பிரதிநிதிகளும் உண்டு. சிக்கலான ஏற்றுமதிகளை முன்கூட்டியே அவர்களிடம் காட்டுவார்கள். ஆனால் பார்த்ததை அவர்கள் வெளியே சொல்லக் கூடாது! எதிர்க்கட்சிக்கும் பங்கு கொடுத்து வாயைக் கட்டியாச்சு. ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடு, அந்த விதத்தில் பாராட்டணும்.

அதனால்தான் 2012-இல் மறுபடியும் வானொலிதான் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்வீடனின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் சவூதி அரேபியாவில் ஆயுதத் தொழிற்சாலை கட்டுவதற்கு ரகசியமாக உதவியது, அரசு நிறுவனம் நேரடியாக இறங்க முடியாது என்று ஒரு பெயரளவுக் கம்பெனியை நடுவில் வைத்தது என்று செய்தி. பாதுகாப்பு அமைச்சர் ஸ்டென் டோல்ஃபோர்ஸ் அந்த மார்ச்சிலேயே பதவி விலகினார். சிங்கப்பூர் பெயரை எழுதிய காலத்திலிருந்து முப்பது வருஷம் ஆகியும் உத்தி மாறவில்லை. நடுவில் ஒரு பெயர் வேணும், அவ்வளவுதான்.

2015-இல் வெளியுறவு அமைச்சர் மார்கோட் வால்ஸ்ட்ரோம் சவூதியின் மனித உரிமை நிலையை விமர்சித்தார். அரபு லீக் கூட்டத்தில் அவர் பேசவிருந்ததை சவூதி தடுத்தது. ஸ்வீடன் சவூதியுடனான ராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. பெரிய தொழிலதிபர்கள் பலர் சேர்ந்து, நாட்டின் நம்பகத்தன்மை கெட்டுவிடும் என்று பத்திரிகையில் எழுதினார்கள். 2018-இல் விதியில் புதிதாக ஒரு அளவுகோல் சேர்ந்தது: வாங்கும் நாட்டில் ஜனநாயகம் எவ்வளவு குறைவோ, அனுமதி அவ்வளவு கடினம். படித்தால் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே விற்ற ஆயுதத்துக்கு உதிரி பாகமும் குண்டும் தொடர்ந்து கொடுக்கலாம் என்ற பழைய சலுகையும் கூடவே இருக்கிறது. ஒருமுறை விற்றால் பல வருஷம் சப்போர்ட் கொடுத்தே ஆகணும். வாடிக்கையாளர் சர்வாதிகாரியாக மாறினாலும்.

கடைசியா ஒரு சம்பவம். 2019 அக்டோபரில் துருக்கி வடக்கு சிரியாவுக்குள் நுழைந்தது. ஸ்வீடன் துருக்கிக்கான ஆயுத ஏற்றுமதி அனுமதிகளை ரத்து செய்தது. 2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் போனதும் ஸ்வீடன், இரண்டு நூற்றாண்டு நடுநிலையை விட்டுவிட்டு நேட்டோவுக்கு விண்ணப்பித்தது. உள்ளே வர எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்கணும், துருக்கி உட்பட. துருக்கி தன் நிபந்தனைப் பட்டியலை நீட்டியது. 2022 செப்டம்பர் கடைசியில் ஸ்வீடனின் கண்காணிப்பு அமைப்பு துருக்கிக்கான ஏற்றுமதிக்கு மறுபடியும் அனுமதி கொடுத்தது. நேட்டோவில் சேருவதால் நாட்டின் பாதுகாப்புக் கணக்கு மாறிவிட்டது, அதைத்தான் கருத்தில் கொண்டோம் என்றது. அனுமதி எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்கு என்று வெளியிடவில்லை. 2024 மார்ச் 7 அன்று ஸ்வீடன் நேட்டோவில் சேர்ந்தது.

இந்த எபிசோட் இவ்வளவுதான். பூகமார் படகு பற்றித் தனி எபிசோட் வேணும்னா எழுதுங்க, எது ஆயுதம், எது ஆயுதம் இல்லை என்ற பட்டியல் சண்டையை அதில் பேசலாம்.